தறி வகுப்பையே எடுத்துக்கொண்டேன், சிவகாமி

என் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கடல் தாண்டி வந்த சிவகாமிக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். செத்தவளிடம் கேட்கிற கேள்வி இல்லை அது. உன் மகள் லெச்சுமி மறுபடி முழுகாமல் இருக்கிறாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் உனக்குத் தெரியாமலா இருக்கும்? எழுத்தைத் திருத்தித் தருகிறேன் என்றாள் என் பேத்தி. வேண்டாம் என்றேன். உனக்கு என் குரல் தெரியும்.

இரண்டாவது பேறுகாலத்தில் பிள்ளையோடு நீ போனபோது லெச்சுமிக்கு நடக்கக்கூடத் தெரியாது. நான்தான் வளர்த்தேன். உன் புருஷன், அதுதான் என் தம்பி, வருஷம் திரும்புவதற்குள் பூண்டுலோயாவில் வேறு பெண் கட்டிக்கொண்டு போய்விட்டான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. வந்தால் தேத்தண்ணி கொடுப்பேன், சீனி போடமாட்டேன்.

லெச்சுமிக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன, இரண்டும் தங்கவில்லை. இரண்டு தடவையும் உன் பழைய சேலையில்தான் தொட்டில் கட்டியது. பாட்டி சேலையில் படுத்தால் பிள்ளைக்கு ஆயுசு என்று உன் புருஷன்தான் ஆள் விட்டுச் சொன்னான். இரண்டு தடவையும், பிள்ளை மூச்சு நிற்பதற்கு முன்னால் லெச்சுமி ஒன்றையே சொன்னாள்.

"அத்தே, செவுத்துக்கு அந்தப் பக்கம் யாரோ பலகைய தட்டுறாங்க. ரெண்டு தட்டு, ஒரு இழுப்பு, அப்புறம் ரெண்டு தட்டு."

சுவருக்கு அந்தப் பக்கம் தேயிலைதான் இருக்கிறது. நீ நெசவுக்கார வீட்டுப் பெண். தறி இல்லாத ஏக்கத்தில் லயத்து வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து தொடையில் அப்படித்தான் தட்டிக்கொண்டிருப்பாய். லெச்சுமி தறியைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

போன மாசம் அவளுக்கு அந்தச் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது.

இந்தத் தடவை உன் சேலை வேண்டாம், என் கையால் செய்த புதுத் துணியில்தான் தொட்டில் என்று முடிவெடுத்தேன். கொழுந்து பறித்த கைக்கு வேறு எது தெரியும்? வயசாகிவிட்டது என்று தோட்டத்து வேலையில் பேரை வெட்டிவிட்டார்கள், பகல் முழுக்கச் சும்மா இருக்கிறேன். ஒரு வகுப்பில் சேர்ந்து படிக்கலாம் என்று தேடிப் புறப்பட்டேன்.

கம்பளி நூல் பின்னுகிற வகுப்பை மலை வேலையை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையாவின் சம்சாரம் பங்களாவில் நடத்துகிறது. ஒரு காலத்தில் தொண்டை காய்ந்து தண்ணீர் கேட்டபோது அந்த அம்மா எனக்கு நாய்க் கோப்பையைக் காட்டியது. வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"இப்ப நான் எந்தக் கோப்பையில குடிக்கணுங்க?"

"என்னா அங்கம்மா, அது எந்தக் காலத்துக் கதை."

"உங்களுக்குத்தான் அது கதைங்க," என்று திரும்பிவிட்டேன்.

அடுத்தது அட்டன் பாதையில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற லேஸ் வகுப்பு. வெளிச்சமான அறை, நல்ல மனுஷிகள், தின்னப் பாண் ரொட்டியும் தருகிறார்கள். துணிக்கு ஓரம் பின்னினால் போதும், போகப் போகக் கண் பழகும் என்றார்கள். அங்கே எந்தச் சத்தமும் இல்லை. எனக்கு அதுதான் பொருத்தம் என்று லயத்தில் எல்லாரும் சொன்னார்கள். நானும் பேர் கொடுத்தேன்.

இருந்தாலும் மூன்றாவதையும் பார்த்துவிடுவோம் என்று லிந்துலைக்குப் போனேன். அங்கே தோட்டத்துப் பழைய ஆஸ்பத்திரியில் தறி போட்டிருக்கிறார்கள். நீ கண்ணை மூடிய அதே கட்டடம். டீச்சர் ஒரு சிங்களப் பிள்ளை. என்னைத் தறியில் உட்காரவைத்து மிதிக்கச் சொன்னாள். நடு மத்தியானம், பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. நான் நிறுத்தினேன். மூலையில் இருந்த தறி நிறுத்தவில்லை. இரண்டு தட்டு, ஒரு இழுப்பு. அதில் நூலே ஏற்றியிருக்கவில்லை.

"டீச்சர், அங்க யாரு?"

"யாரும் இல்ல ஆச்சி. கட்டை பழசு, காத்துக்கு ஆடுது."

"காத்து கண்டபடி தட்டும். இது தொழில் தெரிஞ்ச கை."

அந்தப் பிள்ளை நாற்காலியை மெதுவாகத் திருப்பிப் போட்டு, மூலையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள்.

இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

"அத்தே, இன்னைக்கு ஒரு சத்தமும் இல்ல. நல்லா தூங்குனேன்," என்றாள் லெச்சுமி.

மறுநாள் சும்மா சோதித்துப் பார்க்கத்தான் போனேன். நீயும் வந்தாய், வீடு அமைதியாக இருந்தது. மழையில் பஸ் ஓடாத ஒருநாள் நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். அன்றைக்கு லெச்சுமி சுவரில் காதை வைத்து அழுதாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. தறியில் நான் உட்கார்ந்தால் நீ அங்கே வருகிறாய். அங்கே இருக்கிற நேரம் இங்கே இல்லை.

லேஸ் வகுப்பில் என் பேரை அடிக்கச் சொல்லிவிட்டேன்.

சிவகாமி, நீ வருவது பிள்ளை ஆசையிலா, தறி ஆசையிலா? பிள்ளை ஆசை என்றால் உன்னோடு ஒன்று போனதே, அது போதாதா? தறி ஆசை என்றால் அதை நான் தருகிறேன். மூலைத் தறிக்கும் நூல் ஏற்றச் சொல்லி டீச்சரோடு சண்டை போட்டேன். நேற்றுச் சாயங்காலம் ஏற்றிவிட்டுக் கதவைப் பூட்டினார்கள். இன்று காலையில் நான்தான் முதலில் உள்ளே போனேன். விரல் அகலத்துக்குத் துணி நெய்திருந்தது. ஓரம் அவ்வளவு நேர். என் துணியின் ஓரம் இன்னும் கோணல்தான்.

என் மகன் இந்தியாவுக்கே திரும்பிப் போக எழுதிக் கொடுத்திருக்கிறான். "அம்மா, நீங்களும் வாங்க," என்று நச்சரிக்கிறான். நான் போகமாட்டேன். லெச்சுமியின் பிள்ளை பிறந்து, தவழ்ந்து, தேயிலைக்குள் ஓடி ஒளிகிற வயசு வரும்வரை, பஸ் இல்லாவிட்டால் நடந்தாவது தறிக்கு வருவேன். இது சத்தியம். அதற்குள் எனக்குக் காலம் முடிந்தாலும் உன் பக்கத்துத் தறியில் வந்து உட்காருவேன். அப்புறம் உன்னை எழுந்திருக்கவே விடமாட்டேன்.

உன் மகளை இடுப்பில் சுமந்து வளர்த்த நாத்தனார்,
அங்கம்மா