அந்த மனுவை நான் எழுதவில்லை, அக்கா

என் கூடப் பிறந்த பாக்கியம் அக்காவுக்கு,

இது உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனாலும் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். சுங்கை லாலாங்கில் நம் ரப்பர் தோட்டத்து ஜனங்கள் எல்லோரும் படிக்கட்டும். உன்னிடம் மட்டும் சொல்லித் தீருகிற விஷயமில்லை.

ஜப்பான்காரன் போய்விட்டான். வெள்ளைக்காரன் திரும்பி வந்துவிட்டான். சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன என் வீட்டுக்காரர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். வாசலில் நின்று முதலில் என்ன கேட்டார் தெரியுமா? "அக்கா எங்க?" கஞ்சிச் சட்டியோடு நின்ற எனக்குச் சுருக்கென்றது. செத்துப் போனவளைப் பார்த்தும் வயிறெரிகிறவள் என்னைத் தவிர யாராவது இருப்பாளா?

நீயும் நானும் தோட்டப் பள்ளியில் நான்காவது வரைதான் படித்தோம். என் கையெழுத்துதான் அழகு. ஆனாலும் ஊருக்குக் கடிதம் போட வேண்டுமென்றால், வேலை வாங்கும் தண்டலிடம் நியாயம் கேட்க வேண்டுமென்றால், லயத்து வரிசை வீட்டு ஜனங்கள் உன்னைத்தான் தேடி வருவார்கள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நீ வாயைத் திறந்தால் கிராணிகூடப் பேனாவை நிறுத்துவார். நான் பேசினால் "பாக்கியம் தங்கச்சி என்னமோ சொல்லுது" என்பார்கள். எனக்கென்று ஒரு பெயர் இருந்ததே, அக்கா.

பெட்ரோல் வரத்து நின்றுபோன சமயத்தில் பட்டணத்திலிருந்து அந்தக் குத்தகைக்காரர் வந்தார். ரப்பரைக் காய்ச்சி லாரிக்கு எண்ணெய் எடுப்பது அவர் தொழில். உலைக்குத் தண்ணீர் வேண்டும். ஆற்றோரம் நாம் மரவள்ளி போட்டிருந்த நிலத்தில் அவர் கண் விழுந்தது. அரிசி இல்லாத நாளில் நம் லயம் முழுவதும் அந்தக் கிழங்கைத்தான் தின்றது. உணவுப் பயிரை அழிக்கக் கூடாது என்று ஜப்பான் அதிகாரியே சொல்லியிருந்தான். அதனால் உலை வேண்டும் என்று ஜனங்களே கெஞ்சுவதுபோல் இருக்க வேண்டும் அவருக்கு. தோட்டத்து மாதர் நலச் சங்கம் என்று ஒன்றை அவரே உண்டாக்கினார். தலைவியாக இருக்கச் சொல்லி முதலில் உன்னிடம் வந்தார். நீ முடியாது என்றாய்.

அதன் பிறகுதான் என்னிடம் வந்தார். "தங்கச்சி, உலையில வேல செய்யிற ஆம்பளைங்கள சயாமுக்கு அனுப்ப மாட்டாங்க. நீ இந்த மனுவ கூட்டத்துல படிச்சா போதும்லா," என்றார். புருஷனைக் காப்பாற்றத்தான் ஒத்துக்கொண்டேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அது பாதிதான் உண்மை. மீதி, நீ வேண்டாமென்ற நாற்காலியில் நான் உட்கார வேண்டும் என்ற ஆசை. இரண்டாவதாகத்தான் கேட்டார் என்பதும் உறுத்தியது. உறுத்தலோடேதான் உட்கார்ந்தேன்.

கூட்டத்தன்று அதிகாரி வந்திருந்தான். நான் படித்து முடித்தேன். நீ எழுந்து வந்து என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தாய்.

"இதுல மாரியப்பன் கைரேகை இருக்கு. அவன் சயாம்ல கெடக்கான். முனியம்மா செத்து ஆறு மாசமாச்சு, அவ ரேகையும் இருக்கு. இத எழுதுனது யாரு?"

குத்தகைக்காரர் என்னைப் பார்த்தார். அவர் மட்டுமா? அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள், உன்னை இல்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

"நாந்தான் எழுதுனேன். வீடு வீடா போய் ரேகையும் நாந்தான் வாங்குனேன்," என்றேன்.

நீ ஒன்றும் பேசாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தாய். தங்கையை ஜப்பான்காரன் முன்னால் பொய்க்காரி ஆக்கினால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். எனக்கு அப்போது அதுகூடப் புரியவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

கிழங்கைப் பிடுங்கிவிட்டு உலை வைத்தார்கள். என் வீட்டுக்காரரை மறு மாதமே சயாமுக்குக் கொண்டுபோனார்கள். தின்ன வேறு வழியில்லாமல் நீயும் உலைக்குத் தண்ணீர் சுமக்க வந்தாய். ஒருநாள் குழாய் கசிந்து தீப்பிடித்தது. பக்கத்தில் நீதான் நின்றாய்.

இரண்டு நாள் வாழையிலையில் கிடந்தாய். நான் விசிறிக்கொண்டிருந்தேன்.

"மரகதம், அந்த மனுவ நீயா எழுதுன?"

"இல்லக்கா."

"தெரியும். 'பாதாரவிந்தங்களில் யாசிக்கிறோம்'னு இருந்துச்சு. நீ அவ்ளோ மோசமா எழுத மாட்ட."

உனக்குச் சிரிப்பு வந்தது. தோல் வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாய். நான் நன்றாக எழுதுவேன் என்று அதற்கு முன்பு ஒரு தடவையாவது சொல்லியிருக்கக் கூடாதா நீ?

இப்போதைய சேதி கேள். போன மாதம் அதே குத்தகைக்காரர் வந்தார். இந்தத் தடவை வெள்ளைக்காரனுக்கு மனு. அதே ஆற்றோரத்தில் பெட்ரோல் கிடங்கு வேண்டுமென்று தோட்டத்து ஜனங்கள் கேட்கிறார்களாம். "முன்ன மாதிரி நீயே படிச்சிரு தங்கச்சி," என்றார். கூட்டத்தில் எழுந்தேன். தாளைப் படிக்கவில்லை. பழைய மனு யார் எழுதியது, நான் ஏன் பொய் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். உன்மேல் எனக்கிருந்த பொறாமையையும் சேர்த்துத்தான்.

முனியம்மாவின் மகள் என் காலடியில் துப்பினாள். அஞ்சலை, "பாக்கியமா இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பா," என்றாள். ஆனால் ஒருவரும் ரேகை வைக்கவில்லை, அக்கா. குத்தகைக்காரர் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார். அந்த நிலத்தில் இப்போது மறுபடியும் கிழங்கு நட்டிருக்கிறோம்.

அவர் கரங்கான் பக்கம் போய் வேறு சங்கம் வைத்திருக்கிறாராம். நாளைக்கு நானும் அங்கே போகிறேன். அவர் எங்கே சங்கம் வைத்தாலும் அங்கே போய் என் பெயரைச் சொல்லி, நான் சொன்ன பொய்யைச் சொல்வேன். இது சத்தியம். பொறாமையை விட்டுவிடுவேன் என்று மட்டும் சத்தியம் செய்ய மாட்டேன். அது இன்னொரு பொய்யாகிவிடும்.

கரங்கானில் உன்னை யாருக்கும் தெரியாது. அங்கே என் பேச்சைத்தான் கேட்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே.

உனக்குப் பின்னால் பிறந்த உன் தங்கை,
மரகதம்