அசெனின் நடை ரொட்டி

காப்ரோவோ
1984 பிப்ரவரி 6

அன்புள்ள மனோல்,

இங்கே முழங்கால் வரை பனி. நீ அங்கே லிபியாவில் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பாய், கொடுத்து வைத்தவன். நீ அனுப்பிய பேரீச்சம்பழம் வந்து சேர்ந்தது. உன் மகள் ருமி கொட்டைகளை எல்லாம் பூந்தொட்டியில் புதைத்துவிட்டு, தினமும் மண்ணைத் தோண்டித் தோண்டி முளைத்துவிட்டதா என்று பார்க்கிறாள்.

சரி, நீ ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். உன் மகன் நடந்துவிட்டான்! சனிக்கிழமை காலை, சமையலறையில், அடுப்பிலிருந்து மேஜைக் கால் வரை நாலு அடி. நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். உடனே மாவைப் பிசைந்து நடை ரொட்டி சுட்டேன். ருமிக்குச் செய்ததில் எள்ளளவும் குறை வைக்கவில்லை. கட்டடத்தில் உள்ள அத்தனை பேரும் வந்தார்கள், பதினெட்டுப் பேர். வெள்ளைத் துணி விரித்து, ரொட்டியை உருட்டிவிட்டு, அந்தக் கோடியில் முக்காலி மேல் கத்தரிக்கோல், பேனா, ஸ்பூன், சீப்பு, கண்ணாடி, உன் சுவர் பூசும் கரணை எல்லாம் வைத்தோம். எதை எடுக்கிறானோ அதுதானே அவன் தொழில். பயல் ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே போய்க் கரணையைத் தூக்கினான் பார்! "அடியே நெவேனா, இன்னொரு கொத்தனாரா? உன் வீட்டுல இனிமே சிமெண்டுத் தூசிக்குப் பஞ்சமே இருக்காது!" என்றாள் எதிர்வீட்டு ஸ்தாங்கா. தம்பியும் அப்படியே ஓட வேண்டும் என்று, தேன் தடவிய துண்டுகளைத் தூக்கிக்கொண்டு ருமி ஐந்தாம் மாடி வரை ஓடினாள். தூ தூ, யார் கண்ணும் படக்கூடாது.

போட்டோ எடுக்கத்தான் முடியவில்லை. யார் வீட்டுக் கேமராவிலும் பிலிம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மே மாதத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

உன் நெவேனா


பெங்காசி
1984 மார்ச் 2

நெவேனா,

உன் கடிதம் வந்த அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் தொழிலாளர் குடிலில் இருந்த இருபத்திரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நம் ஊர் வழக்கப்படி நல்ல செய்தி வந்தவன் விருந்து வைக்க வேண்டும் அல்லவா? அல்வாவும் தேநீரும் வாங்கி வைத்துவிட்டு, நீ எழுதியதைச் சத்தமாகப் படித்தேன். நாலு அடி என்ற இடத்தை இரண்டு முறை படித்தேன். படித்து முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள்.

வெல்டர் பென்கோ மட்டும் தலையைச் சொறிந்தான். "மேஸ்திரி, ஒரு சந்தேகம். உங்க கரணை இந்தா, உங்க கட்டிலுக்கு அடியில கிடக்கு. பையன் எதைத் தூக்கினான்?"

"அது வேற கரணை," என்றேன்.

"என்னது! காப்ரோவோக்காரன் கிட்ட ரெண்டு கரணையா? கதவைச் சட்டுனு சாத்தி அடுப்புச் சூட்டை மிச்சம் பிடிக்கணும்னு பூனை வாலையே நறுக்குற கஞ்ச ஊராச்சேய்யா அது!"

குடிலே அதிரச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய? பதினோரு வருஷமாக நான் அந்த ஒரு கரணையைத் தவிர வேறொன்றைத் தொட்டதில்லை என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, அவர்கள் அல்வாவைத் தின்று முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் சிரித்தது போகட்டும். என்னை அரிப்பது வேறு. நீ பொய் எழுதியிருக்கிறாய். ஏன்? எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றே ஒன்றுதான். அசெனுக்குப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. அவன் நடக்கிறானா இல்லையா? காலில் ஏதாவது கோளாறா? டாக்டரிடம் காட்டினாயா? எனக்கு ரொட்டி வேண்டாம், பதினெட்டுப் பேர் வேண்டாம். இதை மட்டும் மறைக்காமல் எழுது. மே மாதம் நான் ஒரேயடியாகத் திரும்பி வரும்போது வாசலில் நின்று தெரிந்துகொள்ள வைக்காதே.

மனோல்


காப்ரோவோ
1984 மார்ச் 24

மனோல்,

அசென் நடக்கிறான். இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன. முதலில் இதைப் படித்து மூச்சு விடு.

மற்றதெல்லாம் பொய். நீ கரணையை எடுத்துப் போனது எனக்கு எப்படி மறந்தது என்று தெரியவில்லை. இல்லை, தெரியும். ருமியின் விருந்தை அப்படியே எடுத்து அசென் பெயரைப் போட்டு எழுதினேன். அன்று முக்காலியில் உன் கரணை இருந்தது, நீயும் பக்கத்தில் இருந்தாய்.

நடந்தது இதுதான். ஜனவரி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளையைக் கூட்டிவரக் காப்பகத்துக்குப் போனேன். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் லில்யானா அவனுக்குக் கோட்டை மாட்டிக்கொண்டே, "இவனைப் பிடிச்சு நிறுத்த முடியலம்மா, செவ்வாய்க்கிழமையிலேர்ந்து ஒரே ஓட்டம்," என்றாள். நான் விழித்தேன். அவளும் விழித்தாள். "ஏன், வீட்டுல நடக்கலையா?" என்றாள். "நடக்கிறானே, நல்லா நடக்கிறானே," என்றேன். முதல் பொய் அவளிடம் சொன்னதுதான். உனக்குச் சொன்னது இரண்டாவது.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நாலு நாள். பிள்ளை அங்கே நடந்திருக்கிறான், வீட்டில் நான் அவனைக் கம்பிக் கட்டிலை விட்டு இறக்கவே இல்லை. ஆலையிலிருந்து வந்ததும் உள்ளே போட்டுவிடுவேன், கையில் ஒரு ரொட்டித் துண்டைக் கொடுப்பேன், துணி துவைப்பேன், ருமிக்குத் தலை வாருவேன், அப்படியே நாற்காலியில் தூங்கிவிடுவேன். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கத்துவான். பசி என்று நினைத்தேன். இறக்கிவிடச் சொல்லித்தான் கத்தியிருக்கிறான் என் தங்கம்.

இன்னும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவனைத் தரையில் விட்டேன். ஜம்மென்று நடந்து போய் மாவு டப்பாவைக் கவிழ்த்தான். பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை மனோல். எரிச்சல்தான் வந்தது. ஐயோ, இனி இவனையும் துரத்திப் பிடிக்க வேண்டுமே என்று. ருமி முதல் அடி வைத்தபோது நான் ஆலைக்கே லீவு போட்டவள். அவளுடைய முதல் பல் வந்த தேதி, முதலில் வெட்டிய முடி எல்லாம் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அசெனுக்கு ஒரு உறைகூட இல்லை. அவனுக்கு எத்தனை பல் என்று இப்போது நீ கேட்டால் எழுந்து போய் எண்ணிப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

இதைவிடக் கேவலம் ஒன்று செய்தேன். அப்பா கேட்டால், ரொட்டி எடுத்துக்கொண்டு ஓடினேன் என்று சொல்ல வேண்டும் என்று ருமிக்குச் சொல்லிக் கொடுத்தேன். "நான் எப்பம்மா ஓடினேன்?" என்றாள். "ஓடினேடி, உனக்கு மறந்துபோச்சு," என்றேன். இப்போது அவள் காப்பகத்தில் எல்லாரிடமும் அந்த விருந்தைப் பற்றி அளந்துவிடுகிறாள். நேற்று விருந்தில் ஆட்டுக்குட்டி கூட வந்து சேர்ந்துவிட்டது. நாலு வயதுப் பிள்ளையைப் பொய் பேசப் பழக்கிவிட்டேன்.

நீ என்னைத் திட்டு. திட்டாமல் மட்டும் இருக்காதே.

நெவேனா


காப்ரோவோ
1984 ஏப்ரல் 9

மனோல்,

பதில் இல்லை. தபால்காரி என்னைப் பார்த்ததும் தூரத்திலேயே உதட்டைப் பிதுக்குகிறாள். கோபம் என்றால் கோபம் என்றாவது எழுதலாம்.

காத்திருக்க முடியாமல் நேற்று ஞாயிற்றுக்கிழமை நானே ரொட்டி சுட்டேன். அவன் நடக்க ஆரம்பித்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது, யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சுட்டேன். வெள்ளைத் துணி விரித்தேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். இந்த முறை உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்: அவன் முக்காலிப் பக்கமே போகவில்லை. உருண்டு போன ரொட்டியைத் துரத்திப் பிடித்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டான். இனி என்ன வேலைக்குப் போவானோ, நீயே சொல்.

அப்புறம் நசுங்கிய ரொட்டியைப் பிய்த்துத் தேன் தடவி, மூவரும் கதவு கதவாகப் போனோம். ஒவ்வொரு கதவிலும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் ஸ்தாங்கா.

"ஏண்டி, ரெண்டு மாசமா படியில குதிக்கிறவனுக்கு இப்பவா நடை ரொட்டி?"

"அவன் நடந்ததை நான் பார்க்கலை. நாலு நாள் கழிச்சு லில்யானா சொல்லித்தான் தெரியும்," என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் மூணாவது எப்ப நடந்தான்னு கேளு. சத்தியமா தெரியாது. யாராவது கேட்டா பத்தாம் மாசம்னு அடிச்சு விடுவேன். யாரு குறிச்சு வச்சிருக்கா? உள்ள வா, காபி குடி," என்றாள். அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

எல்லாரும் ஸ்தாங்கா ஆகிவிடுவார்களா? நாலாம் மாடி மாரா சட்டென்று, "பெத்தவளுக்கு இதுகூடவா தெரியாம போச்சு? வேலைக்குப் போற பொம்பளைங்க எல்லாருமா இப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டாள். ரொட்டியை மட்டும் இரண்டு துண்டாக எடுத்துக்கொண்டாள். அவள் கேட்டதில் தப்பு இல்லை.

ருமி நிஜமாகவே ஐந்தாம் மாடி வரை ஓடினாள். திரும்பி வந்து மூச்சு வாங்க, "போன தடவை தேன் நிறைய இருந்துச்சு," என்றாள். அவளை உட்கார வைத்து, போன தடவை என்று ஒன்று இல்லவே இல்லை, அம்மா பொய் சொன்னேன் என்று சொன்னேன். "அப்ப ஆட்டுக்குட்டியும் வரலையா?" என்றாள். அதற்குத்தான் அழுதாள்.

அசெனுக்கு ஒன்பது பல். எண்ணினேன்.

நெவேனா


பெங்காசி
1984 ஏப்ரல் 27

அன்புள்ள நெவேனா,

உன் இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். திட்டித்தான் எழுதினேன். பாதியில் பேனா நின்றுவிட்டது. உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

மே மாதம் ஒரேயடியாக வருகிறேன் என்று எழுதிக்கொண்டே இருந்தேனே, அது பொய். ஜனவரியிலேயே இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாரும் போட்டார்கள், மேலதிகாரி என்னையும் பார்த்தார், போட்டேன் என்று சொல்லலாம். ஆனால் நீ உள்ளதைச் சொன்ன பிறகு நான் மழுப்பக் கூடாது. இங்கே சாயங்காலம் வேலை முடிந்தால் முடிந்ததுதான். யாரும் அழுவதில்லை, யாரையும் துரத்திப் பிடிக்க வேண்டாம், படுத்தால் விடிகிற வரை தூக்கம். அந்தத் தூக்கத்துக்கு ஆசைப்பட்டும்தான் கையெழுத்துப் போட்டேன். நீ நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கியதைப் படித்தபோது எனக்கு வெட்கத்தில் இந்தக் கட்டிலில் படுக்கப் பிடிக்கவில்லை. உன் பொய் ஒரு நாள் விருந்து. என்னுடையது எட்டுக் கடிதம்.

அந்தத் தாளைத் திரும்பக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் போய்க் கேட்டேன். முடியாது என்றார்கள். இரண்டாவது நாளும் போய் நின்றேன். பதினைந்து நாள் லீவு மட்டும் தருவதாகச் சொன்னார்கள். மே இருபதாம் தேதி வருகிறேன். அதற்கப்புறம் அடுத்த வருஷம் மே மாதம்தான். நீ என்னை வாசலோடு திருப்பி அனுப்பினாலும் கேள்வி கேட்க மாட்டேன்.

குடிலில் எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். பென்கோ கூடச் சிரிக்கவில்லை. அவனுக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள். எழுந்து வெளியே போய்விட்டான்.

நான் வரும்போது அசெனுக்கு "அப்பா" என்று சொல்லிக் கொடுத்து வைக்காதே. ருமிக்கு ஓட்டத்தைச் சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவனை இருபது நாள் குழந்தையாகத் தூக்கிவிட்டுக் கிளம்பியவன் நான். என்னைப் பார்த்து அலறினால் அலறட்டும், ஓடி ஒளிந்தால் ஒளியட்டும், அதுவும் நடைதானே. நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பகல் முழுக்க இரண்டு பிள்ளைகளும் என் பொறுப்பு. நீ படுத்துத் தூங்கு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பதினைந்து நாள் முடிந்து நான் கிளம்புகிற அன்று மட்டும் அவனைக் கீழே விடாதே, இடுப்பில் வைத்துக்கொள். இப்போதுதான் நடக்கிறானே, என் பின்னாலேயே வந்துவிடப் போகிறான்.

மனோல்