சந்தைத் திடலில் சுண்ணாம்புக் கோடு

செப்டம்பர் 1987, சனி இரவு. கள்ளக்குறிச்சி லாட்ஜ்.

கட்டிடக்கலை நிறுவனம் வசந்தாவும் நானும் சேர்ந்து நடத்துவதுதான். இன்று அது அவளுடையதாக மட்டும் இருந்தது.

இடஒதுக்கீட்டுப் போராட்டக்காரர்கள் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். எங்கள் வேன் தியாகதுருகத்தோடு நின்றுவிட்டது. கள்ளக்குறிச்சியில் கட்டவிருக்கும் புதிய சந்தைக்காக அட்டையில் நான் செய்த மாதிரியை விட்டுவர மனமில்லை. வசந்தா வெறுங்கையோடு முன்னால் நடந்துவிட்டாள்.

மாதிரியைத் தலையில் சுமந்து நான் போய்ச் சேர்ந்தபோது, திடலில் சுண்ணாம்புத் தூளால் சந்தையையே நிஜ அளவில் கோடு போட்டு வைத்திருந்தாள். கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் விற்க வந்த பெண்கள் ஆளுக்கொரு கட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இங்க வெயில் ஜாஸ்தி, தள்ளிப் போடும்மா."

அவளும் சளைக்காமல் அழித்து அழித்துப் போட்டாள். என் வரைபடத்தை யாரும் இப்படித் தொட்டதில்லை.

பேரூராட்சித் தலைவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னா சார் அது, கொலு பொம்மையா?"

எல்லோரும் சிரித்தார்கள். வசந்தா சிரிக்கவில்லை. "மொத்தமும் இவரு டிசைன்தாங்க" என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாளைக் காலை மன்ற உறுப்பினர்கள் வந்து பார்த்து முடிவு சொல்கிறார்கள்.

இப்போது மழை பிடித்துக்கொண்டது. கோடெல்லாம் கரைந்துகொண்டிருக்கும். பக்கத்து அறையில் வசந்தா தூங்குகிறாள். எழுப்பிச் சொல்லலாம்.

என் மாதிரி கட்டிலுக்கடியில் நனையாமல் இருக்கிறது.