அரம் போட்ட தாம்பாளம்

ஜூன் 9, திங்கள்

தம்பி வெற்றிசெல்வன் பழைய பித்தளைத் தாம்பாளங்கள் ஆறு கொண்டுவந்தான். எங்கள் பட்டறையில் புதுத் தகட்டில்தான் அமிலத்தால் கொடியும் யாளியும் அரித்துப் பழசுபோல் செய்வோம். இது எதற்கு? "காயலான் கடைச் சரக்குக்கா. நல்ல கனம்." மேலே அரம் போட்டு ராவியிருந்தது.

கறுப்பு வார்னிஷில் கொடி வரைந்து ஒன்றைக் கரைசலில் இறக்கினேன். இருபது நிமிடத்தில், வார்னிஷ் பூசாத நடுவட்டத்தில் புள்ளி புள்ளியாக எழுத்து எழுந்தது: மருதங்கொல்லை ஊர்ப்பொது.

உளி குத்திய இடத்தில் உலோகம் ஆழம்வரை நசுங்கியிருக்கும். மேலே ராவினாலும் அமிலம் அதைத்தான் முதலில் தின்னும். எம்.எஸ்ஸி.யில் படித்தது.

மருதங்கொல்லை, எங்களிடம் மெருகு போடும் பொற்கொடியின் ஊர். ஊர்ப் பொதுப் பாத்திரங்கள் தை மாதம் காணாமல்போயின. சாவி அவள் அப்பா சோலையப்பனிடம் இருந்தது. பழி அவர்மேல்.

தாம்பாளத்தைச் சாக்கில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன்.

ஜூன் 10

தம்பியைக் கேட்டேன். "தெரியாம வாங்கிட்டேன்" என்றான். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான். "நான்தான்க்கா ஆள் வச்சு எடுத்தேன். காவ்யாவுக்கு ஆவணியில கல்யாணம். அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

அவன் மகளை நான்தான் தூக்கி வளர்த்தேன்.

ஜூன் 13

பொற்கொடி சொன்னாள்: "அப்பாவுக்கு ஊர்ல ஒருத்தரும் பத்திரிக்கை வைக்கிறதில்லக்கா. வார வெள்ளிக்கெழம கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லிட்டாங்க. பண்ணிட்டா விட்டுருவாங்களாம்."

"பண்ணட்டுமே" என்றேன்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சூடம் கொஞ்சம் சுடும். திருடாத மனிதர், தைரியமாக அணைப்பார். ஊர் அடங்கிவிடும். தம்பியும் தப்பிப்பான். யாருக்கு என்ன நஷ்டம்?

ஜூன் 20, வெள்ளி

அணைத்துவிட்டாராம். "கை நடுங்கவே இல்லக்கா."

மூச்சு வந்தது.

ஜூன் 22

சோலையப்பன் இன்று காலை டீக்கடை வாசலில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எழுபத்தொரு வயது. ரத்த அழுத்தம். சத்தியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இல்லை.

ஜூன் 23

துக்கத்துக்குப் போனேன். பந்தலில் பதினைந்து பேர்கூட இல்லை. பக்கத்தில் நின்ற பெண் என்னிடம் சொன்னாள்: "பொய்ச் சத்தியங்க. மூணு நாளு தாங்குச்சா, பாத்தீங்களா? சாமியே காட்டிக் குடுத்துருச்சு."

பொற்கொடி காதில் விழுந்தது. அவள் திரும்பவில்லை.

நான் என்ன செய்துவிட்டேன்?

ஜூன் 26

சாக்கைப் பிரித்துத் தாம்பாளத்தைப் பொற்கொடி மடியில் வைத்தேன். புள்ளிகளை விரலால் தடவி வாசித்தாள்.

"யாருக்கா கொண்டாந்தது?"

சொன்னேன்.

ஜூலை 2

தம்பி சிறையில். காவ்யாவின் கல்யாணம் நின்றுவிட்டது. நான் போனால் அவள் கதவைத் திறப்பதில்லை. மருதங்கொல்லைக்காரர்கள் சோலையப்பன் படத்துக்கு மாலை கொண்டுபோனார்களாம்.

ஸ்டேஷனில் கேட்டார்கள், எழுத்து தெரிந்தது என்றைக்கு என்று. ஜூன் இருபத்தாறு என்றேன். அப்படியே எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

வாசலில் பொற்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவருன்னும் பாக்காம தெரிஞ்ச அன்னிக்கே சொன்னீங்களேக்கா."

தலையாட்டினேன்.