வருகைப் பதிவேட்டில் என் அப்பாவின் பெயரைச் சேர்க்கக் கோரி

அனுப்புநர்
பெயிண்டரின் இளைய மகள்,
கதவு எண் 14, சமுதாயக் கூடத்தின் எதிர்ச் சந்து.

பெறுநர்
வட்டார அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: சமுதாயக் கூடத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற மறுத்த பதிலை மறுபடி பார்க்க வேண்டுவது.

மதிப்புக்குரிய ஐயா,

1. நேரில் வந்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2. சாரத்திலிருந்து விழுந்ததில் என் அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கூடம் கீழே இருந்தவரை சக்கர நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு போவேன். இரண்டு வருடத்துக்கு முன் கீழ்த்தளத்தைத் தங்கள் அலுவலகத்தின் பழைய கோப்புகளுக்குக் கொடுத்துவிட்டு, கூடத்தை மாடிக்கு மாற்றினார்கள். இருபத்திரண்டு படி. வருகைப் பதிவேடு வைத்ததும் அப்போதுதான்.

3. அதன்பின் ஞாயிறுதோறும் தையற்கடை மாமாதான் அப்பாவை முதுகில் சுமந்து ஏறுவார். இருவரும் கேரம் ஆடுவார்கள். பதிவேட்டில் மாமா தன் பெயரை மட்டும் எழுதுவார். அப்பா பேனாவைக் கேட்டால், "மூட்டைக்கெல்லாம் எதுக்குடா கையெழுத்து?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

4. போன மாதம் மாமா இறந்துவிட்டார். இரங்கல் கூட்டம் மாடியில் நடந்தது. அப்பாவுக்குச் சட்டை மாற்றிக் கூட்டிப் போனேன். யாரையும் தூக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "இரும்மா, மேல போய் ஆள் அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டு ஏறினார்கள். ஒருவரும் வரவில்லை. கூட்டம் முடியும்வரை முதல் படியருகே இருந்தோம். இறங்கியவர்கள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, எங்கள் தெருக்காரர்கள்தான். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "இனிமே என்னை எங்கயும் கூட்டிட்டுப் போகாதம்மா" என்றார். அன்றிலிருந்து வாசலுக்குக்கூட வரவில்லை. சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவிடுகிறார்.

5. என் முதல் மனுவுக்கு வந்த பதிலில், பதிவேட்டில் அப்பாவின் பெயர் ஒருமுறைகூட இல்லை என்றும், கூடத்துக்கு வராத ஒருவருக்காக இடத்தை மாற்ற இயலாது என்றும் இருந்தது. பதிவேடு மாடியில் இருக்கிறது, ஐயா.

6. கோப்புகளை மாடிக்கு ஏற்றிவிட்டு, கூடத்தைக் கீழே தரும்படி வேண்டுகிறேன். அதற்கு நாளாகும் என்றால், பதிவேட்டை ஒருநாள் எங்கள் வீட்டுக்கு அனுப்பினால் போதும். மாமா எழுதிய ஞாயிறுகளில் எல்லாம் அவர் பெயருக்குப் பக்கத்தில் அப்பா தன் பெயரை எழுத அனுமதிக்க வேண்டும். சாட்சி சொல்ல மாமா இல்லை. அவர் கையெழுத்து இருக்கிறது.

இந்த மனு எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. பதிவேடு வந்தாலும் அவர் பேனாவை வாங்குவாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுப் பார்ப்பேன்.

நாள்: மார்ச் 9
இடம்: வீடு

பணிவுடன்,
பெயிண்டரின் இளைய மகள்