பேஸ் கிட்டாருக்கு ஒரு பீரோ

ஆகஸ்ட் 9, சனி

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதாகப் பாவனை, வரவில்லை. மகள் ஜெனிக்கு இம்மாதக் கடைசியில் கல்யாணம். வீட்டில் எல்லோரும் புடவைக்கு அலைய, நான் அவளுடைய பேஸ் கிட்டாரை வெள்ளிமலையில், மாப்பிள்ளை வீட்டில், எங்கே வைப்பது என்று அலைகிறேன். மூளை பிசகிவிட்டது என்பது ஸ்டெல்லாவின் கருத்து. கல்யாணமான நாளிலிருந்து இதே கருத்துதான்.

யோசித்தவை:

சுவர்க் கொக்கி. உத்தமம். ஆனால் சுவர் மாப்பிள்ளை வீட்டாருடையது. பெண் போய்ச் சேருமுன் சுவரைத் துளைக்கக் கேட்பது மரியாதையில்லையாம்.

மூன்று கால் ஸ்டாண்டு. சாதா கிட்டாருக்குச் சரி. பேஸ் நீளம், தலை கனம். அந்த வீட்டில் கோழிகள் ஹால் வழியாகத்தான் போய்வருகின்றன.

கட்டிலுக்கடியில், உறை போட்டு. மலை ஈரம். எலி. வேண்டாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆராதனையில் ஜெனி வாசித்தாள். எட்டு வருஷமாக வாசிக்கிறாள். மேடையில் அதற்கு ஸ்டாண்டு கிடையாது. பிரசங்க நேரத்தில் கீபோர்டு மேசைமேல் சாய்த்து வைப்பாள். போன வருஷம் ஜெபத்தின் நடுவே அது சரிந்து விழ, பின்வரிசையில் இரண்டு பேர் மனந்திரும்பினார்கள். சபைக்கென்று நல்ல ஸ்டாண்டு ஒன்று ஆர்டர் செய்தேன்.

வெள்ளிமலையிலிருந்து சம்பந்தி அம்மா வந்திருந்தார். வாசலில் ஸ்டெல்லாவிடம்: "பொண்ணு நல்லா வாசிக்குதுங்க. அங்க வந்தா அதுக்கெல்லாம் எங்க நேரம், சாமை, மாடு, வூட்டு வேலையே ஜாஸ்தி." குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

சாயந்தரம் ஜெனியிடம் கேட்டேன், எடுத்துப் போகிறாயா என்று.

"எடுத்துக்கினு போனா வைக்கறதுக்கு எடம் கேக்கணுமேப்பா."

"கேட்டா இன்னா?"

"கேட்டா இல்லன்னு சொல்லிடுவாங்க. கேக்கலன்னா சொல்ல மாட்டாங்க."

என் மகள்தான். சந்தேகமில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

வழி கிடைத்தது. சீரில் எப்படியும் ஒரு பீரோ போகும். பெண்ணின் பீரோவில் பெண்ணுக்கு இடம் இருந்தாக வேண்டும். துருகம் சாலைப் பட்டறையில் சொல்லிச் செய்கிறேன்.

"இடது பக்கம் தட்டே வேணாம். மேல ஒரு கொக்கி, ரப்பர் சுத்தி. கீழயும் ரப்பர்."

"இன்னா சார் மாட்டப் போறீங்க, துப்பாக்கியா?"

"பேஸ் கிட்டார்."

பட்டறைக்காரர் அளவு நாடாவைச் சுருட்டினார். "துப்பாக்கின்னாகூடப் புரியும் சார்."

ஆகஸ்ட் 28, வியாழன்

கல்யாணம் முடிந்தது. பந்தியில் பாயசம் கம்மி. பீரோ குட்டி யானை வண்டியில் மலையேறியது, சுற்றிப் போர்வை, உள்ளே பேஸ், சாவி ஜெனியிடம். இவ்வளவு பெரிய கண்ணாடியா என்று சம்பந்தி அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி. ஜெனி காரிலிருந்து பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களை அப்புறம்தான் பார்த்தாள்.

வீட்டில் அவள் மூலை காலி. ஸ்டெல்லா அங்கே இஸ்திரி மேசையைக் கொண்டுவந்து போட்டாள். பிறகு எடுத்துவிட்டாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மேடை ஸ்டாண்டு வந்துவிட்டது. கீபோர்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அகலக் கால், கழுத்துக்குப் பூட்டு. யார் இடித்தாலும் விழாது. ஒன்றும் மாட்டவில்லையாதலால் இன்னும் உறுதி. பாட்டுகளுக்கு அடியில் தரை இல்லாத மாதிரி இருந்தது. போதகர் கேட்டார், "பொண்ணு அங்க சபையில வாசிக்குதுங்களா?" விசாரிக்கிறேன் என்றேன்.

போன் செய்தேன்.

"சாமை பொடச்சிக்கினு இருக்கேன்பா. அப்பறம் பேசறேன்."

அப்புறம் பேசவில்லை.

அக்டோபர் 25, சனி

மழை. நானும் ஸ்டெல்லாவும் வெள்ளிமலை. மலைப்பாதை முழுக்கப் பனி, பஸ் ஓட்டுநர் ஞாபகத்தில் ஓட்டினார். நாட்டுக்கோழிக் குழம்பு, பொடிமாஸ், சம்பந்தி அம்மா தட்டைக் காலியாக விடவில்லை. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், நல்ல பையன். கேட்காமலே சொன்னார்: "வாசிக்க வேணாம்னு யாரும் சொல்லலிங்க மாமா." உண்மை. யாரும் சொல்லவில்லை.

எல்லோரும் காபிக்குப் போனதும் ஜெனி பீரோவைத் திறந்து காட்டினாள். கொக்கியில் நேராகத் தொங்குகிறது. தூசி இல்லை, ஈரம் இல்லை, துரு இல்லை. ஒரு கம்பியைத் தட்டினேன். சத்தம் வரவில்லை. கம்பி தொளதொளவென்று ஆடியது. நான்கும் அப்படித்தான்.

"இன்னாம்மா இது?"

"ரொம்ப நாளு வாசிக்காம வைக்கறதுன்னா தளத்தி வைக்கணுமாம்பா. இல்லன்னா கழுத்து வளஞ்சிடுமாம். மொபைல்ல போட்டிருந்தது."

"எப்போ தளத்தினே?"

"வந்த வாரமே."

பீரோவைச் சாத்தினாள். பொடிமாஸ் நல்லாயிருந்ததா என்று கேட்டாள். நல்லாயிருந்தது என்றேன்.

மழையில் போன சிக்னல் கச்சிராயபாளையம் வந்ததும் கிடைத்தது. பஸ்ஸிலேயே மொபைலில் தேடிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.