எங்கம்மான்னு மைக்கில் சொன்னது

இராஜபாளையம்
வியாழக்கிழமை

என் மகள் வின்சிக்கு, கர்த்தர் கிருபையில அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கிட்டு இருக்கோம், அதுக்கு மேல சுகம்னு எழுத எனக்கு இன்னும் கை வரல. நீயும் மருமகனும் பிள்ளையும் அந்த மஸ்கட் வெயில்ல ஒரு நோவும் இல்லாம இருக்கணும்னு தினமும் ஜெபிக்கேன். போன்ல சொல்லலாம்ல, எதுக்கும்மா லெட்டர்னு கேப்ப. போன்ல சொன்னா பாதியிலயே நீ அழுவ, நானும் அழுவேன், சொல்ல வந்தது நின்னுபோவும். அதான் அஞ்சாங்கிளாஸ் எழுத்துல எழுதுறேன், தப்பு இருந்தா திருத்திப் படிச்சுக்கோ. அப்பாவுக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கு. மில்லுல இருந்து வந்ததும் போன்ல சத்தத்தக் கொறச்சு வச்சு உன் தம்பி செல்வின் ட்ரம்ஸ் வாசிச்ச பழைய வீடியோவப் பாக்காக, நான் போனா போனக் கவுத்திப் போட்டுருதாக.

செல்வின் அந்த லாரியில அடிபட்டுப் போயி வார மாசத்தோட பதினாலு மாசம். அவன் கூட்டாளிக ரிச்சர்டும் விஜயபாண்டியும் வத்திராயிருப்புப் பையன் காமராஜ்னு ஒருத்தன அவன் எடத்துல ட்ரம்ஸ் அடிக்க ஒக்கார வச்சிட்டானுக. இப்ப எங்க பாத்தாலும் அவனுக பாட்டுதான். டவுன் பஸ்ஸுல ஸ்கூல் பிள்ளைக அதத்தான் போட்டுக் கேக்குதுக. பெங்களூருல பெரிய புரோகிராமுக்குக் கூப்பிட்டுருக்காகளாம். ஊரே நம்ம பயலுகன்னு சந்தோசப்படுது, எனக்கு மட்டும் வயிறு எரியுது. உங்கிட்ட மறைக்க என்ன இருக்கு, சர்ச்சுல முழங்கால் போட்டு இவனுக பேண்டு கலஞ்சு போகணும் ஆண்டவரேன்னு ஒருநா கேட்டேன். கேட்டுட்டு ஆமென்னும் சொன்னேன்.

ரிச்சர்ட் அம்மா வெள்ளத்தாய் எங்க பேண்டேஜ் கம்பெனியில என் பக்கத்து டேபிள்லதான் காயத்துக்கு வைக்கிற காஸ் துணி மடிக்கா. காலையில ஆரம்பிச்சா மணி அடிக்க வரைக்கும் எம்மவன் எம்மவன்தான். தொண்டைக்கு ஆகாதுன்னு அவனுக்குத் தயிரு குடுக்கதில்லையாம், முடிய வளத்துக்கிட்டான் பேன் வந்துருமோன்னு பயமா இருக்காம். நான் பயப்படுறதுக்கு எம் பிள்ள முடி ஒண்ணு கூட வீட்டுல இல்லையேன்னு நெனச்சுக்கிட்டே மடிப்பேன்.

அந்தப் பேண்டுக்குப் பேரு வந்த கதை உனக்கு முழுசாத் தெரியாது, நீ அப்ப மஸ்கட் போயிட்ட. செல்வின் வந்து அம்மா நாங்க பேண்டு ஆரம்பிக்கப் போறோம்னான். பேண்டுன்னா என் காதுல பேண்டேஜ்னுதான விழும். எந்தக் கம்பெனிலே, எத்தன மணி ஷிப்டு, பஞ்சுத் தூசிக்கு மூக்குல கட்டத் துணி குடுப்பானான்னு கேட்டேன். தரையில உருண்டு சிரிச்சான். அதையே பேரா வச்சிட்டான், பேண்டேஜ்னு.

போன சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு காலேஜ் விழாவுல இவனுக புரோகிராம். நான் வரலன்னேன், வா மதினி நம்ம பிள்ளைகதானன்னு வெள்ளத்தாய் இழுத்துட்டுப் போயி முன்னால சேர்ல ஒக்கார வச்சா. ரிச்சர்ட் மைக்கப் பிடிச்சு இந்தக் கதையச் சொன்னான். நான் கேட்டத அப்படியே, மூக்குத் துணி வரைக்கும் சொன்னான். கூட்டம் ஒரே சிரிப்பு. கேட்டது எங்கம்மாதான், இங்கதான் இருக்காகன்னு கையக் காட்டுனான். வெள்ளத்தாய் பட்டுன்னு எந்திரிச்சு கைய ஆட்டிட்டா. அம்புட்டுப் பேரும் அவளுக்குக் கை தட்டுறாக. ஏட்டி, அவ காதா தப்பாக் கேட்டுச்சு? என் காது கேட்டது, என் பிள்ள சிரிச்சது. பாட்டு முடியக் காத்திருக்கல, பஸ் ஏறி வந்துட்டேன். திங்கள்ல இருந்து அவகூடப் பேச்சில்ல.

நேத்து சாயந்தரம் மூணு பயலுகளும் வீட்டுக்கு வந்தானுக. ரிச்சர்ட் தலையக் குனிஞ்சுக்கிட்டு, எங்கம்மான்னு சொன்னது ஒங்களத்தான் அத்தை, நீங்க எந்திரிப்பீகன்னு பாத்தோம், எங்கம்மா முந்திக்கிட்டாகன்னான். அப்ப செல்வின் அம்மான்னு சொல்லவேண்டியதுதானலே, செத்தவன் பேரச் சொன்னா ஒங்க ராசி போயிருமான்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுட்டேன். அந்தப் பேர மைக்குல சொன்னா எனக்குப் பொறவு பாட்டு வராது அத்தைன்னான். நான் விடல. பெங்களூருல நீங்க சொல்லித்தான் ஆகணும், இப்ப எம் முன்னால சொல்லிப் பழகுன்னேன். மூணு தடவ வாயத் தொறந்தான், செல்-னு மட்டும் வந்துச்சு, மிச்சப் பேரு வரல. விஜயபாண்டி செவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டான்.

அப்ப அந்தக் காமராஜ், நான் இன்னைக்கு வரைக்கும் மொகம் குடுத்துப் பேசாதவன், நான் சொல்றேன் அத்தைன்னு முன்னால வந்தான். இந்தப் பேண்டு செல்வின் அண்ணன் ஆரம்பிச்சது, பேரு அவுக அம்மா அன்னத்தாய் வாயில இருந்து வந்தது, அண்ணன் இப்ப இல்ல, அவரு எடத்துல நான் ஒக்காந்து அடிக்கேன்னு கணீர்னு சொன்னான். ஒரு எழுத்து தடுமாறல. இம்புட்டு நல்லாச் சொல்லிட்டானேன்னு அதுக்கும் எனக்குப் பொறாமைதான் வந்துச்சு. ஆனா இன்னொருக்கச் சொல்லுலேன்னு கேட்டேன். சொன்னான். உள்ள படுத்திருந்த அப்பாவும் எந்திரிச்சு வந்து நின்னு கேட்டாக.

வார இருபத்தெட்டாம் தேதி பெங்களூரு புரோகிராம், போன்லயே நேரடியா வருமாம். உனக்கு டியூட்டி இல்லன்னா பாரு. எனக்கு அன்னைக்குப் பாக்க மனசு தாங்காது. அவன் பேரச் சொன்னானுகளா இல்லையான்னு நீதான் எனக்குச் சொல்லணும், சொல்லலைன்னா அம்மா வருத்தப்படுவாளேன்னு பொய் சொல்லாத. பிள்ளைக்குத் தலையில எண்ணெய் வை. கர்த்தர் உங்க மூணு பேர் மேலயும் கண்ணா இருப்பாராக.

இப்படிக்கு,
செல்வினுக்கும் உனக்கும் அம்மா
அன்னத்தாய்